கறை நகர்ந்தது

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ வீட்டில் சொல்லாமல் அவரைக் கட்டிக்கொண்டு போனதும் அத்தா உன் தொலைநோக்கியைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விற்கப் போவதாகவும் சொன்னார். சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய்ப் பல்லடமே இருண்டிருந்தது. தொலைநோக்கியைச் சாக்கோடு மாடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, நீ காட்டித் தந்தபடி கேமராவை மாட்டினேன்.

படத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே மங்கலாக ஒரு கறை. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. பனியன் கம்பெனியில் துணி செக்கிங் செய்யும்போது கறை தெரிந்தால் துணியை இழுத்துப் பார்ப்போம். கூடவே நகர்ந்தால் கறை துணியில். நகராவிட்டால் மேசைக் கண்ணாடியில். தொலைநோக்கியைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு படம் எடுத்தேன். நட்சத்திரங்களோடு கறையும் நகர்ந்திருந்தது. அப்படியானால் அது வானத்தில்தானே இருக்கிறது? நீ தேடிய நெபுலா இதுதானா?

திரும்பினால் அத்தா நிற்கிறார். கேமராவை வாங்கிப் பார்த்தார்.

"டேமேஜா கண்ணு?"

"இல்லீங்கத்தா. நட்சத்திரம் பொறக்குற மேகம்னு அக்கா சொல்லுச்சுங்க."

உன் பேச்சை எடுக்கக் கூடாதென்பதே மறந்துவிட்டது. அத்தா படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தார். பிறகு, "அவளுக்கு அனுப்புனியா?" என்று கேட்டார்.

அதுதான் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிறு கழிந்தும் தொலைநோக்கி இன்னும் மாடியில்தான் நிற்கிறது. சாக்கை மட்டும் அத்தா கீழே எடுத்துப் போனார்.

உன் தங்கச்சி