கவிழ்ந்த கை

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

தோத்திரம். இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மேல்வீட்டுக்காரியின் பூனை எல்லாரும் சுகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிற கடிதம் இது. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதீர்கள். போன தடவை அனுப்பினீர்கள்.

ஒரு சங்கதி. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியும். வார்டிலிருந்து வருகிற மூட்டையைப் பிரித்து வெள்ளையை வெள்ளையோடும் கலரைக் கலரோடும் போடுவேன். செவ்வாய்க்கிழமை நான்காம் வார்டு மூட்டையில், போர்வைக்குள் சுருண்டபடி ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் வந்தது. இடது கை வலது கையைவிட நாலு விரல் நீளம். உலகத்தில் அப்படி ஒன்றுதான் உண்டு. பின்னினவள் நான். மூன்று மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மெஷின் சூட்டில் முதுகு வேக, உங்களுக்கென்று பின்னினது.

மேலே போய்ப் பார்த்தேன். உங்கள் ஊர் பெயிண்டர் ஒருவர், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். "எங்க போதகர் ஐயா குடுத்தாரும்மா. பிரிச்சுகூடப் பாக்கல, அப்படியே கவரோட குடுத்தாரு" என்றார். நல்ல மனுஷர். போட்டுக் காட்டச் சொன்னேன். கை இரண்டும் அவருக்கும் பொருந்தவில்லை. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கோபம் இல்லை. இருந்தால் இத்தனை நீளம் எழுதுவேனா? விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சோடு உங்களுக்கு ஓய்வு. போதகர் வீட்டைப் புது ஐயாவுக்கு விட வேண்டும். இங்கே முன்னறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். ஜன்னல் தெருப் பக்கம். வந்துவிடுங்கள். மச்சான் வந்தால் சீட்டாட்டத்தை விட்டுவிடுவதாக மாப்பிள்ளை எழுதச் சொன்னார். அதை நம்ப வேண்டாம், மற்றதை நம்புங்கள்.

இப்படிக்கு,
வாயாடி



பிப்ரவரி 21

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த முறை திருத்தவில்லை.

ஸ்வெட்டர் விஷயம் உண்மைதான். மன்னித்துக்கொள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது அந்த மனிதர் குளிரில் நடுங்கினார். கவர் மேசைமேல் இருந்தது. கொடுத்துவிட்டேன். கையில் இருப்பதைக் கொடுத்த பிறகுதான், அது யார் தந்தது என்ற யோசனையே எனக்கு வருகிறது.

முன்னறைக்காக உங்கள் இருவருக்கும் நன்றி. ஆனால் நான் சபையின் முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வர நாளாகும். அதுவரை இந்த வீட்டின் பின்னறையில் இருந்துகொள்ளலாம் என்று சபையார் சொல்லியிருக்கிறார்கள். இல்லத்தில் படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு வேதம் வாசித்துக் காட்டலாம், அவர்களுக்காக ஜெபிக்கலாம். என்னால் அங்கே உபயோகம் உண்டு. உன் வீட்டில் நான் என்ன செய்வேன்? நீ ஆக்கிப் போடுவதைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பேன். இதுவரை யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. இனியும் வேண்டாம்.

சபைப் பெண்கள் பிரிவுபசாரத்துக்கு முன்கூட்டியே ஒரு சால்வை கொடுத்தார்கள். உனக்கு உதவும் என்று இத்துடன் அனுப்புகிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
அண்ணன்



மார்ச் 8

அண்ணனுக்கு,

சால்வை வந்து சேர்ந்தது. உள்மடிப்பில் ஒரு துண்டுச் சீட்டு ஊசியில் குத்தியிருந்தது. "எங்கள் ஐயா தோளில் இதைப் பார்க்க ஆசை" என்று எழுதி, கீழே ஒன்பது பேர் கையெழுத்து. அதையும் பிரித்துப் பார்க்கவில்லை நீங்கள். இப்போது ஐயா தோளுக்குப் பதிலாக வண்ணாத்தி தோளில் கிடக்கிறது. அந்த ஒன்பது பேரும் என் கனவில் வந்து திட்டினால் உங்கள் விலாசத்தைக் கொடுப்பேன்.

என் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதற்குத்தான் கூப்பிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் இறந்துபோன வருஷம் எனக்கு ஒன்பது வயது, உங்களுக்குப் பதினெட்டு. கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு வருவீர்கள். பசியில்லை என்று சொல்லி உங்கள் பங்கை என் தட்டில் தள்ளுவீர்கள். ஒருநாள் நான் என் பங்கில் பாதியைப் பிட்டு உங்கள் தட்டில் வைத்தேன். நீங்கள் அதை எடுத்துத் திரும்ப என் தட்டில் வைத்தீர்கள். நான் அழுதேன். பசியில் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வைத்தீர்கள். அதையும் தின்றேன். வேறென்ன செய்ய?

வாங்குகிறதைவிடக் கொடுக்கிறதுதான் பாக்கியம் என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது பிரசங்கம் பண்ணியிருப்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய பாக்கியத்தை இத்தனை காலமும் நீங்கள் ஒருத்தரே வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அதில் எனக்கு ஒரு துண்டு பிட்டுக் கொடுத்தால் குறைந்தா போவீர்கள்?

நீங்கள் கொடுக்க வேண்டுமானால் எதிரே வாங்க ஒருத்தி இருக்க வேண்டும். நான் இருந்தேன். கை வலிக்க வாங்கினேன். இப்போது இடம் மாறி நில்லுங்கள் என்றால் இல்லத்துக்கு ஓடுகிறீர்கள்.

போகிறதானால் போங்கள். மறுபடி கூப்பிட மாட்டேன். முன்னறையில் மாப்பிள்ளை தன் சைக்கிளை நிறுத்தட்டும்.

வாயாடி



ஏப்ரல் 14

அண்ணனுக்கு,

பதில் இல்லை. புது ஐயா வந்துவிட்டதாகவும் நீங்கள் பின்னறைக்கு மாறிவிட்டதாகவும் அந்தப் பெயிண்டர் சொன்னார். ஊன்றுகோலோடு ஊருக்குத் திரும்புகிறார்.

முன்னறையில் சைக்கிள் நிற்கவில்லை. மாப்பிள்ளை உருட்டிக்கொண்டு போனார். நான் ஒரு பார்வை பார்த்தேன். திரும்ப வெளியே உருட்டிவிட்டார்.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை



மே 19

அன்பான தங்கைக்கு,

இந்தக் கையெழுத்து புதிய போதகரின் மனைவியுடையது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் வலது கை டிசம்பரிலிருந்தே நடுங்குகிறது. பிப்ரவரியில் உனக்கு எழுதிய அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. அதன் பிறகு எழுத வரவில்லை. எழுதித் தரும்படி யாரையும் கேட்கவும் வரவில்லை.

போன ஞாயிறு திருவிருந்து. முப்பத்தைந்து வருஷம் நான் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தவன். எல்லாருக்கும் கொடுத்து முடித்து, என் பங்கையும் என் கையாலேயே எடுத்துக்கொள்வேன். அன்றுதான் முதல் தடவையாகச் சபையாரோடு வரிசையில் போய் முழங்கால் போட்டேன். புதிய போதகர் என் முன்னே வந்து நின்றார். கையை நீட்டினேன். அவர் அப்பத்தை வைக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

குனிந்து பார்த்தேன். என் கை கவிழ்ந்திருந்தது. விரல்களைச் சேர்த்து, அப்பத்தைப் பிடித்து எதிரே உள்ளவருக்குக் கொடுக்கிற மாதிரி நீட்டியிருந்தேன். அவர் கையும் அப்படியே இருந்தது. இரண்டு கொடுக்கிற கைகள், நடுவில் அப்பம். வாங்க ஆள் இல்லை.

பக்கத்தில் இருந்தவர் பால்காரர். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மல்லாத்தினார். நடுக்கம் தெரியாதபடி அடியில் தன் கையையும் கொடுத்தார். "இப்படி வைங்க ஐயா" என்றார். கையை எப்படி வைப்பது என்று அவருக்கு ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தவன் நான்.

வாங்கினேன்.

இரண்டு நாளாக வேறு நினைப்பில்லை. உன் தட்டும் ஞாபகம் வந்தது. நீ பசியில் அழுதாய் என்றுதான் உன் மார்ச் கடிதம் வரும்வரை நினைத்திருந்தேன்.

இல்லத்தில் இடம் இருப்பதாகப் பதில் வந்தது. வரவில்லை என்று எழுதச் சொல்லிவிட்டேன். எனக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. சாப்பிடும்போது சிந்துகிறது. வேதத்தைப் பிடித்து வாசிக்கவும் முடியாது. உன் வீட்டில் என்னால் ஒரு உபயோகமும் இருக்காது. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாயா?

அண்ணன்



மே 26

அண்ணனுக்கு,

சனிக்கிழமை காலைப் பேருந்தில் நானும் மாப்பிள்ளையும் வருகிறோம்.

எழுதிக் கொடுத்த அம்மாவுக்கு என் தோத்திரம் சொல்லுங்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, உங்கள் எழுத்தைவிட நன்றாகவே.

சலவைக் கூடத்தில் மூன்று நாள் லீவு கேட்டேன். மேஸ்திரி தலையைத் தூக்காமலே, "யாரு செத்தா?" என்றார். "யாரும் சாகல. எங்கண்ணன் ஒண்ணு கேட்டாரு" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இதற்கு ஏன் இவள் இப்படி இளிக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. லீவு கொடுத்துவிட்டார்.

நீங்கள் எதையும் கட்டி வைக்க வேண்டாம். கட்டுவதற்கு எதையாவது மிச்சம் வைத்திருந்தால்தானே? இருந்தால் நாங்கள் கட்டிக்கொள்கிறோம். பெட்டியை மாப்பிள்ளை தூக்குவார். பொத்தானை நான் போடுவேன். ஜன்னலோர இடம் உங்களுக்கு. வழியில் யாருக்காவது எழுந்து இடம் கொடுத்தீர்களோ, பேருந்து என்றும் பார்க்க மாட்டேன், கத்துவேன்.

பதிலுக்கு எனக்கு என்ன செய்யட்டும் என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் கொஞ்ச நாள் தொண்டையில் இறங்காது. அப்புறம் பழகிவிடும்.

எனக்குப் பழகியது.

இப்படிக்கு,
வாயாடி