விளிப்பாட்டுத் தூரம்

பெருஞ்சாணி மேட்டுக் கூடாரம்
10-9-1952

சௌபாக்கியவதி அழகியநாயகிக்கு,

நலம். நீயும் அம்மையும் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவையும் வரவில்லை என்று உதட்டைப் பிதுக்குவாய், தெரியும். அணை நிரம்புவதற்குள் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டுமாம். அதுவரை லீவு கிடையாது என்கிறார் ஓவர்சியர்.

சுற்றிலும் மலை, நடுவே பறளியாறு. இங்குள்ள மலைவாசிகளான காணிக்காரர்கள் குடியை மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய குடிசைகள் ஆற்றங்கரையில் திறந்து கிடக்கின்றன. இங்கே மைல் கணக்கு யாருக்கும் தெரியாது. இக்கரையில் நின்று கூவினால் அக்கரையில் இருப்பவனுக்குக் கேட்டு, அவன் பதில் கூவ வேண்டும். அதுதான் ஒரு விளிப்பாடு. அளவுச் சங்கிலி பிடிக்க முடியாத காட்டில் நானும் அப்படித்தான் தோராயமாகக் குறிக்கிறேன். கூட வரும் ஈச்சன் காணி அக்கரைக்குப் போய் நிற்பான். ‘ஓ’ என்று மட்டும்தான் கூவலாமாம், ஆள் பேர் சொல்லக் கூடாதாம்.

நேற்று அவன் போய்ச் சேருமுன், யாரும் இல்லையே என்று, உன் பேரைச் சொல்லிக் கூவினேன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேனா? ‘ஏட்டி’ என்பதோடு சரி. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. காலிக் குடிசைப் பக்கமிருந்து “என்ன அத்தான்?” என்று பதில் வந்தது. உன் குரலேதான். எதிரொலிக்கு அத்தான் என்று சொல்லத் தெரியுமா?

உன்
தாணுலிங்கம்


தாழக்குடி
16-9-1952

அன்புள்ள அத்தானுக்கு அழகியநாயகி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. நீங்கள் கூவியது செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தானே? அந்நேரம் நான் வாய்க்காலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் என் பேரைச் சொன்னீர்கள். வந்துவிட்டீர்கள் என்று நினைத்து, “என்ன அத்தான்?” என்று திரும்பினேன். வெறும் வயல்தான் இருந்தது. அத்தையிடம் சொன்னேன், ஏக்கம் பிடித்தால் அப்படித்தான் என்று சிரித்தார்கள்.

எனக்குப் பயமில்லை, கோபம்தான். பொங்கலுக்கு வருவேன் என்றீர்கள். பிறகு சித்திரைக்கு, பிறகு ஆடிக்கு. குரலை அனுப்பி நான் என்ன செய்ய? ஆள் அல்லவா வர வேண்டும். கும்பப்பூ நடவுக்காவது வாருங்கள். இல்லையென்றால் நானும் வாய்க்கால் கரையில் நின்று உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். புருஷன் பேரைச் சொன்னவள் என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்படிக்கு
அழகியநாயகி


பெருஞ்சாணி
24-9-1952

அழகியநாயகிக்கு,

கூப்பிடாதே. நீ எழுதியதை ஈச்சனிடம் சொன்னேன். அவன் முகமே மாறிவிட்டது. “பேரு சொல்லி விளிச்சா, விட்டுட்டு வந்த குடியில கெடக்கது எந்திரிக்கும். நீரு விளிச்சதுக்கு அந்தப் பொண்ணு பதில் சொல்லியாச்சு. இனி அவ விளிச்சா அது அவகிட்ட போவும்” என்றான்.

இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை நான். ஆனால் இன்று மேட்டிலிருந்து பார்த்தபோது அந்தக் காலிக் குடிசை வாசலில் ஓர் ஆள் நின்றான். என்னைப் போலவே வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். நம் ஊர்த் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈச்சன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன்
தாணுலிங்கம்


பெருஞ்சாணி
8-10-1952

அழகியநாயகிக்கு,

ஏன் பதில் இல்லை? இங்கே விடாத மழை. ஆற்றைக் கடக்க வழியில்லை. எனக்குக் காய்ச்சல். போன சனிக்கிழமை முதல் அந்தக் குடிசை வாசலில் யாரும் இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. தண்ணீர் வடிந்ததும், லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஐப்பசி முதல் தேதி புறப்படுகிறேன். ஒரு வரியாவது எழுது.

உன்
தாணுலிங்கம்


தாழக்குடி
14-10-1952

பெருஞ்சாணியில் இருப்பவருக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் இன்றுதான் சேர்ந்து வந்தன. மழையில் தபால் நின்றுவிட்டதாம். ‘கூப்பிடாதே’ என்ற கடிதம் நேரத்துக்கு வந்திருந்தால் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

நடவுக்கும் உங்களைக் காணோம் என்றதும், ஒரு வெள்ளிக்கிழமை வாய்க்காலில் இறங்கி உங்கள் பேரை வாய் நிறையச் சொன்னேன். மறுநாள் காலையில் அவர் படியேறி வந்தார். லீவு எத்தனை நாள் என்று கேட்டேன். இனிப் போக வேண்டாம் என்றார். அதைக் கேட்க நான் எத்தனை காலம் காத்திருந்தேன்.

நடவை அவரே நின்று முடித்தார். புளிங்கறியை ருசித்துச் சாப்பிடுகிறார். நான் பேசினால் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அத்தான் என்றால் மட்டும் திரும்புவதில்லை, பேரைச் சொன்னால்தான் திரும்புகிறார். இப்போது எனக்கும் பழகிவிட்டது. அவர் படுக்கும் இடத்தில் தினமும் ஆற்றுமணல் கிடக்கிறது, பெருக்கித் தள்ளுகிறேன். அவர் வந்த அன்றே அத்தை சொல்லிவிட்டார்கள்: “ஏட்டி, இது எம் மகன் இல்ல.” பிறகு அவர் இருக்கும் அறைக்கு அத்தை வருவதில்லை.

உங்கள் கடிதங்களைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் வந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். என்ன கடிதம் என்று கேட்கவில்லை.

உங்கள் மேல் எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள். ஆசைப்பட்டுத்தானே கூப்பிட்டேன். ஆனால் காத்திருக்க இனி எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றாந்தேதி நீங்கள் புறப்பட வேண்டாம். காய்ச்சலோடு வந்து வாசலில் நின்றாலும் கதவைத் திறக்க மாட்டேன். இந்த வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று.

அழகியநாயகி