தீப்பெட்டி ஆபீஸும் என் கட்டுரையும்

21 நவம்பர் 1968, வியாழன். எர்லாங்கன், ஜெர்மனி.

இன்று செமினாரில் என் கட்டுரையை வாசித்தேன். அமெரிக்க நூற்பாலைகளில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குழந்தைகளை வேலைக்கு வைத்ததும், அதை எதிர்த்த சீர்திருத்தக்காரர்களும்தான் விஷயம். அவர்களிலேயே சிலர் அமெரிக்கா பிலிப்பைன்ஸைப் பிடித்தது நியாயம் என்றார்கள். அவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பிள்ளை கண்ணில் பட்டது, அடுத்த நாட்டுக்காரன் படவில்லை என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். மில்காரர்கள் பிள்ளைகளின் வயசைக் கூட்டி எழுதியதையும் சொன்னேன்.

முடிந்ததும் புரொபசர் சிகரெட் பற்றவைத்தார். நான் ஊரிலிருந்து கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்த தீப்பெட்டி அது. அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், செய்தது. கூடப் படிக்கும் மோனிகா அதை வாங்கி லேபிளைப் பார்த்துவிட்டு, "அங்கே குழந்தைகள் வேலை செய்கிறார்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இல்லை" என்றேன். நம்பிவிட்டாள்.

மேஜையில் இன்னும் மூன்று பெட்டி இருக்கிறது. சிவகாசியில் இருந்தவரை லீவு நாட்களில் வேலையாட்களின் பேர், வயசு பதியும் ஆபீஸ் ரிஜிஸ்டரை எழுதியது நான்தான். குச்சி அடுக்க வந்த பேச்சிக்கு அப்போது ஒன்பது வயசு. பதினாலு என்று எழுதியிருப்பது என் கையெழுத்து.