அம்மா இல்ல, டீச்சர்

3ஆம் தேதி, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீங்களும் உங்கள் தையல் கடையும் நலமாக இருக்க வேண்டும்.

இதுவரை ஐந்தாம் வகுப்பு எடுத்த என்னை இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் தங்கை மகள், நம் வாண்டு, அதே வகுப்பில்தான் சேருகிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளி திறக்குமுன்பே போய் மேசைகளை இங்கும் அங்கும் இழுத்துப் போடுகிறேன். வரிசையில் நிற்கத் தரையில் சாக்பீஸ் கோடு, பென்சில் சீவ ஒரு மூலை, ஒன்றுக்கு வந்தால் விரலை உயர்த்திக் கேட்பது. எல்லாவற்றுக்கும் முறை வைத்தாயிற்று. அவள் என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதற்குத்தான் முறை இல்லை. உங்கள் தங்கை காலமானபின் நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷமாகியும் 'ஏங்க' என்கிறாள். அது நான் அவள் அப்பாவைக் கூப்பிடுவது! அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களிடம் போனில் என்னை என்னவென்று சொல்கிறாள்?

உங்கள் தங்கச்சி (என்று எழுதலாமா?)

*

8ஆம் தேதி, சனி

டீச்சருக்கு,

போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், அதனால் எழுதுகிறேன். வீட்டிலும் நீ, பள்ளியிலும் நீ என்றால் குழந்தை எங்கே போய் மூச்சு விடும்? என் தெருமுனையிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. முதல் வாரம் முடிந்ததும் வருகிறேன். முகம் வாடியிருந்தால் கையோடு அழைத்துவந்துவிடுவேன். அவள் அப்பாவும் சரி என்றுவிட்டார்.

இன்னொன்று. ஒன்றுக்கு வந்தால் அவள் கேட்கமாட்டாள். காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விரலை உயர்த்த வேண்டுமாம், விரலை!

வாண்டுவின் பெரியம்மா

*

12ஆம் தேதி, புதன்

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவள் அப்பாவோடு நாள் முழுக்கப் பேசவில்லை. ஆனாலும் நீங்கள் கடைசியில் சொன்னது சரி. விரல் உயர்த்துவதை எடுத்துவிட்டேன். கதவருகே ஓர் அட்டை தொங்குகிறது. வேண்டியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கேட்காமலே போய் வரலாம்.

நேற்று அவளைக் கூட்டிப்போய் ஒத்திகை பார்த்தேன். கோட்டில் நடந்தாள், அட்டையை மாட்டிப் பார்த்தாள். "இங்க எல்லாரும் என்னை டீச்சர்னு கூப்பிடுவாங்க, நீயும் அப்படியே கூப்பிடு" என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! இப்போது வீட்டிலும் "டீச்சர், செருப்பு அறுந்துடுச்சு." என் வாயே எனக்கு எதிரி.

முதல் வாரத்தில் பிள்ளைகள் வாய் தவறி டீச்சரை 'அம்மா' என்பார்களாம், பள்ளி ஆயா சொன்னார். அதற்கும் முறை வைத்துவிட்டேன். யாரும் சிரிக்கக் கூடாது. நான் 'என்னம்மா', 'என்னப்பா' என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அவளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை அக்கா. சொல்லிவிட்டேன்.

தங்கச்சி

*

21ஆம் தேதி, வெள்ளி

அக்கா,

திங்களன்று பள்ளி திறந்ததிலிருந்து, ஆயா சொன்னபடியே எல்லாரும் வாய் தவறினார்கள். அவள் மட்டும் தவறவில்லை. அதோடு விடாமல் ஒவ்வொருவரையும் "அம்மா இல்ல, டீச்சர்!" என்று திருத்தினாள். எனக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது.

நேற்று பக்கத்துப் பெண் பென்சிலைப் பிடுங்கியதும் எழுந்து, "அம்மா, இவளைப் பாருங்க!" என்றாள். யாராவது திருத்துவார்களா என்று சுற்றிப் பார்த்தாள். காதெல்லாம் சிவந்துவிட்டது. அவளிடம் அதிகம் திட்டு வாங்கிய குண்டுப் பையன்தான், "பரவால்ல, டீச்சர் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றான்.

ஓடிப்போய் அணைத்துக்கொள்ளத் துடித்தேன். ஆனால் முறை நான் வைத்தது. "என்னம்மா?" என்று கேட்டுப் பென்சிலை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுதத்தான் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழையபடி 'டீச்சர்'. ஆகவே ஜெயித்துவிட்டேன் என்று எழுத வழியில்லை. வாருங்கள், நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். "யார்கூட இருக்கே?" என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். பாவம், திணறிப்போவாள்.

தங்கச்சி

*

25ஆம் தேதி, செவ்வாய்

தங்கச்சிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். வாண்டுவின் துணிக்கென்று கொண்டுபோன பெட்டி காலியாகத் திரும்பியதைப் பார்த்து அடுத்த கடைக்காரி கேலி செய்கிறாள். செய்யட்டும்.

உன் எதிரில் சொல்லாததை எழுதுகிறேன். நேற்று பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நீ கேட்டுக்கொண்டபடி நான் எதுவும் கேட்கவில்லை. "வா, போகலாம்" என்று கையைத்தான் பிடித்தேன். கையை உருவிக்கொண்டாள்.

"இரு பெரியம்மா, அம்மா பூட்டிட்டு வரட்டும்."

நீ உள்ளே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாய். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

அக்கா