தலத்தெருவில் பிறந்தவள்

1954 மார்ச் 23, செவ்வாய்

காரைக்கால் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், இன்று நான்கு பிறப்பு, ஒரு இறப்பு, ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கையெழுத்து வராது. கைநாட்டு வைத்த விரலைப் புது வேட்டியிலேயே துடைத்துக்கொண்டான். பெண் முறைத்த முறைப்பில் அவன் எதிர்காலம் முழுக்கத் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவேட்டில் எழுதினேன். பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஊரில் பிறக்கிறவர்களையும் போகிறவர்களையும் பிரெஞ்சில் எழுதி வைப்பது.

கமலாம்பாள் பொறையாற்றுக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். தாய் தகப்பன் இல்லாதவளுக்கு அண்ணன் பஞ்சநாதன் வீடுதான் பிறந்த வீடு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இது. கோயில், குளம், டாக்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெண்ணானால் அன்னபூரணி என்று அவள் போகும்போதே சொல்லி வைத்தோம். ஆணானால் என்ன என்று பேசவே இல்லை. இருவருக்கும் பெண்தான் என்று ஏனோ தோன்றிவிட்டது.

சோறு நானே வடிக்கிறேன். குழைந்தால் கஞ்சி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 30

நண்டலாற்றுப் பாலத்தில் மூங்கில் கட்டிவிட்டார்கள். இனி அந்தப் பக்கம் போகவும் வரவும் பர்மிட்டு வேண்டுமாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்தியா, இந்தப் பக்கம் பிரான்சு என்பது என்றைக்கும் உள்ளதுதான். ஆனால் பஸ்ஸில் கண் அசந்தவன் வெளிநாட்டில் விழித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவான். அவ்வளவுதான் எல்லை. இப்போது இரண்டு பக்கமும் துப்பாக்கி.

இங்கிருந்து பொறையாறு ஏழு மைல்.

ஏப்ரல் 6, செவ்வாய்

பெண்!

திருவேட்டக்குடி மீன்காரம்மா செல்லக்கண்ணு வந்து சொன்னாள். கடலோரமாகவே நடந்து ஆற்று முகத்தைத் தாண்டிப் பொறையாற்றில் மீன் விற்கிறவள். பர்மிட்டாவது ஒன்றாவது என்பாள். கூடையை இறக்குமுன்பே ஆரம்பித்துவிட்டாள். "பொம்பளப் புள்ளங்க. ஞாயித்துக்கெழம விடியக்காத்தால. தாயும் புள்ளையும் சொகம். மூக்கு மட்டும் ஒங்க மூக்கு, பாவம்."

சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் குமாஸ்தா புத்தி விழித்துக்கொண்டது. பிறந்து மூன்று நாளைக்குள் பதிய வேண்டும். நாளையோடு கெடு முடிகிறது. வெளிநாட்டில் பிறந்தது என்றால் என் பதிவேட்டில் ஏறாது, அதற்கு வேறு வழி, வேறு கச்சேரி, மாதக்கணக்கில் அலைச்சல்.

ஆனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாய்வீடு உள்ள பெண்கள் எல்லாரும் எங்கள் பதிவேட்டில் புருஷன் வீட்டில்தான் பெறுவார்கள். இரண்டு சாட்சி வந்தால் போதும். நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். எனக்கு எழுதிக்கொள்ளக் கூடாதா?

எழுதினேன். "தலத்தெருவில், தகப்பனார் வீட்டில் பிறந்தது." சாட்சி, பக்கத்துக் கடை தாவூது, எங்கள் பியூன் சுப்பையன். தலைமை எழுத்தர் முசே திருஞானசம்பந்தம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அன்னபூரணி என்ற பெயரை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டேன். ஊரான் பிள்ளைகளையே எழுதிய கை.

ஏப்ரல் 9

என் வாயில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பர்மிட்டு கேட்கிறவன் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் மெய் என்று மேரியிலிருந்து சர்டிபிகேட் வேண்டும். முசேயிடம் போய் நின்றேன். சம்சாரத்துக்குப் பிரசவம் என்றேன். அவர் பதிவேட்டில் இரண்டு பக்கம் திருப்பினார்.

"தலத்தெருவுல ஒம் வீட்டுலதானேய்யா பொறந்திருக்கு? நீ எழுதி, நான் கையெழுத்துப் போட்டது. அப்ப பொறையாத்துல யாருய்யா பெத்தா?"

அவருக்கும் தெரியும். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத குஞ்சிதபாதம். தெரிஞ்சத எழுதிக் குடுக்க முடியாது. நீயும் அந்த ரெண்டு பேரும் பொய்ச் சாட்சின்னு உள்ள போவீங்க."

ஏப்ரல் 11

குழந்தைக்கு இன்று எட்டாம் நாள். நான் இன்னும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 14, சித்திரை 1

ஜய வருஷம் பிறந்துவிட்டது. வேப்பம்பூப் பச்சடி செய்கிறேன் என்று புளியைக் கொட்டிவிட்டேன்.

செல்லக்கண்ணு வந்தாள். புள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், பாலைச் சரியாக இழுக்கவில்லையாம். "பயப்படாதீங்க, மருந்து குடுக்குறாங்க" என்றாள். அப்படிச் சொன்னால் யார்தான் பயப்படமாட்டார்கள்?

ஏப்ரல் 15

தாவூதுதான் வழி கண்டுபிடித்தான். "அண்ணே, புள்ளையப் பாக்கப் போறேன்னுதானே சொல்லக் கூடாது? சாமி கும்பிடப் போறேன்னு எழுதிக் குடுங்க. திருக்கடையூருக்குப் போறவன் பொறையாறு வழியாத்தானே போகணும்? எங்க ஆளுங்க நாகூருக்கு இப்படித்தான் வாங்குறாங்க."

வருகிற திங்கள் கிறிஸ்தவர்களின் பாஸ்கு பண்டிகைக்கு, ஈஸ்டருக்கு, மறுநாள். சர்க்கார் விடுமுறை. லீவு கேட்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். எழுதிக் கொடுத்தேன். அன்று ஒரு நாளைக்கு மட்டும் பர்மிட்டு கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்றைக்குப் பதினாறாம் நாள், பெயர் வைக்கிற நாள்!

ஏப்ரல் 20, செவ்வாய்

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

காலை ஏழு மணிக்குப் பாலம். இந்தியப் பக்கத்து அதிகாரி சின்ன வயசு. அர்ச்சனைத் தட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா வேண்டிக்குங்க" என்று அனுப்பினார். தேங்காய் உடைத்தது பஞ்சநாதன் வீட்டு வாசலில்.

கமலாம்பாள் சுருங்கிப்போயிருந்தாள். மடியில் அது. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பதிவேட்டில் ஒரு பக்கம் நிறைய இருந்தவள் என் இரண்டு கையில் பாதிகூட இல்லை. மூக்கு என் மூக்குதான். உடம்பு அனலாக இருந்தது. காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தது. பார்த்தது என்றுதான் நான் எழுதுவேன்.

பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருக்கிறார், வியாழன்தான் வருவாராம். கம்பவுண்டர் மிக்சர் கொடுத்திருக்கிறார். இனியும் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்றாராம். தஞ்சாவூர் என்றால் ஒரு நாள் ரயில், இது தாங்காது. காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் இரண்டு மணி நேரம். "ஏங்க, நம்ம ஊருக்கே போயிடுவோம்" என்றாள் கமலாம்பாள். வண்டி கட்டினோம், பஞ்சநாதனே ஓட்டினார்.

இந்தியப் பக்கத்தில் தடுக்கவில்லை. என் நெற்றியைப் பார்த்து, "தரிசனத்துக்குப் போனவரு திருநீறுகூட இல்லாம வர்றீங்க" என்றார் அந்த அதிகாரி. பிறகு வண்டிக்குள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூங்கிலைத் தூக்கினார்.

நம்ம பக்கத்தில்தான் நிறுத்தினார்கள். புதிதாகப் புதுச்சேரியிலிருந்து வந்த போலீஸ் சர்ஜான், தமிழர். கெட்டவர் இல்லை. "அம்மா இந்த ஊருன்னா சரி. புள்ளைக்குப் பேப்பர்? பொறப்புச் சீட்டு எதாவது?"

சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. நான் எழுதியது. அன்னபூரணி, ஏப்ரல் 4, தலத்தெரு. இதைக் காட்டினால், உள்ளே பிறந்த பதினாறு நாள் குழந்தை பர்மிட்டு இல்லாமல் எப்படி வெளியே போனது என்பார். காட்டாவிட்டால் அது வெளிநாட்டுக் குழந்தை. உண்மையைச் சொன்னால் என்னோடு தாவூதும் சுப்பையனும் உள்ளே போவார்கள். சுப்பையனுக்கு ஐந்து பிள்ளைகள்.

"பேப்பர் இல்லீங்க" என்றேன்.

"அப்ப இங்கயே இருங்க. நாளைக்குக் காலையில மேரிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு விட்டுடறேன்" என்றார்.

மேரி! போன் முசே மேசையில்தான் இருக்கிறது. பதிவேட்டைத் திருப்பிப் பார்க்காமல் அவர் பதில் சொல்ல மாட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை கொஞ்சம் பால் குடித்தது. பஞ்சநாதனும் "காச்சல் எறங்குற மாதிரி இருக்கு மாப்ள, வியாழக்கெழம டாக்டரே வந்துடுவாரு" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். யாரும் திருப்பச் சொல்லவில்லை. சர்ஜான் சொல்லவில்லை, இந்தியாக்காரன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

கமலாம்பாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சட்டைப் பையைப் பார்த்தாள். அவளுக்குச் சீட்டு விஷயம் காலையிலேயே சொல்லியிருந்தேன், பெருமையாக.

மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. நான் இந்தப் பக்கம் நடந்தேன். வண்டி அந்தப் பக்கம் போயிற்று.

ஏப்ரல் 21

பொறுக்க முடியவில்லை. முசேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பதிவேட்டில் ஏறியதை ஒரு எழுத்துக்கூட யாரும் மாற்ற முடியாது, கோர்ட்டுதான் மாற்ற வேண்டும் என்றார். மனுவை அவரே எழுதிக் கொடுத்தார். விசாரணை மே மூன்றாம் தேதி. அதற்கப்புறம் பர்மிட்டு.

தாவூதிடமும் சொன்னேன், உன் பெயரும் இழுபடும் என்று. அவன் கடைப் பலகையிலிருந்து எழுந்துவிட்டான்.

"அட அல்லாவே, இதுக்கா வண்டியத் திருப்புனீங்க? ஆளு விட்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பாலத்துக்கு வந்து, ஆமாய்யா பொய்தான், புடிச்சுக்கன்னு நின்னுருப்பேனே!"

சுப்பையனும் அதையே சொன்னான். ஐந்து பிள்ளைக்காரன்.

அவர்களைக் கேட்கவே இல்லையே நான். கேட்காமலே அவர்களுக்காகப் பயந்தேன். அவர்களுக்காகத்தானா?

ஏப்ரல் 23

டாக்டர் வந்துவிட்டாராம். ஊசி போட்டாராம். நாள் கடந்துவிட்டது என்றாராம்.

ஏப்ரல் 25, ஞாயிறு

செல்லக்கண்ணு கூடையை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே நின்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 27

பர்மிட்டு கேட்டேன். இறந்தது உங்களுக்கு யார் என்றார்கள். மகள் என்றேன். மகள் எங்கே பிறந்தவள் என்றார்கள்.

எல்லாம் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. பஞ்சநாதன் கொல்லையில், தென்னைக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள்.

இறப்புப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டில் நடந்த சாவை இதில் எழுத முடியாது. வேறொருவருடைய தாத்தாவை எழுதிவிட்டு மூடினேன்.

மே 3

கோர்ட்டுக்குப் போகவில்லை. "இனிமே எதுக்கு?" என்று முசே மனுவைத் திருப்பிக் கொடுத்தார். ஆக, எழுதியது எழுதியபடி நிற்கிறது.

ஜூலை 11

கமலாம்பாளுக்கு எழுதிய மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லை. என்ன எழுதுவாள்.

நவம்பர் 2, செவ்வாய்

நேற்று முதல் காரைக்கால் இந்தியாவின் கையில். ஊர் முழுக்கக் கொடி, மேளம், மிட்டாய். மூங்கிலைக் கழற்றி யாரோ பந்தலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று காலை பஸ் ஏறினேன். பாலத்தில் பஸ் நிற்கக்கூட இல்லை.

தென்னையைக் காட்டினார்கள். பார்த்தேன்.

கமலாம்பாள் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். பாலம் வந்ததும் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இங்கதானே?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

1955 ஜனவரி 18, செவ்வாய்

அம்மை குத்துகிறவர்களுக்கு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பட்டியல் கேட்டிருந்தார்கள். வருஷாவருஷம் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்து நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஏப்ரல் மாதம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. விட்டால் இன்னொரு பொய், எழுதினால் பழைய பொய். பழையதையே எழுதினேன்.

எங்கள் தெருவுக்கு இன்றே வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். வாசலில் குரல் கேட்டது. "அம்மா, அம்மை குத்த வந்திருக்கோம். அன்னபூரணின்னு ஒரு பொம்பளப் புள்ள இருக்கா?"

அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. கமலாம்பாள் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"எங்க புள்ளதாங்க. மாமன் வீட்டுல இருக்கு, பொறையாத்துல" என்றாள்.

"எப்பம்மா வரும்?"

"இப்ப வராதுங்க."

அம்மை குத்த வந்தவர் பட்டியலைச் சுவரில் வைத்து, கடைசிக் கட்டத்தில் வெளியூர் என்று எழுதினார். போன வருஷம் என்றால் வெளிநாடு என்று எழுதியிருப்பார். "பேர் இருக்குல்ல, அடுத்த வருஷமும் வந்து கேப்போம்மா" என்றார்.

"கேளுங்க" என்றாள் கமலாம்பாள்.

உள்ளே வந்து எனக்கு ரசம் ஊற்றினாள்.