பேகாரிமேட்டில் வேங்கை மரம் இல்லை

ஆரணி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கனிமொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அகல்யாவும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். இதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான்.

போன மாதம் அகல்யாவின் வகுப்பில் ஊர்ப்பெயர்களைப் பற்றிப் பேசினார்களே, உங்கள் ஊர் ஸ்டுட்கார்ட் என்றால் குதிரைப் பண்ணை என்று டீச்சர் சொன்னதும், எங்கள் தாத்தா ஊர் வேங்கைமேடு, மஞ்சளாய்ப் பூக்கும் வேங்கை மரங்கள் இருந்த இடம் என்று அவள் எழுந்து சொல்லிப் படமும் வரைந்தாளே, நீ அனுப்பிய அந்தப் படத்தைப் பத்திரம் எழுத வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். வேங்கைமேடுதான் பேச்சில் சிதைந்து பேகாரிமேடு ஆனது என்று நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது நான் சொன்ன கதைதான் அது. பொய்க்கதை அம்மா. நம் ஊர் என்றைக்கும் பேகாரிமேடுதான். பேகார் என்பது பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்து நவாப் காலத்தில் நம் பக்கம் நுழைந்த சொல், கூலி கொடுக்காமல் வாங்குகிற கட்டாய வேலை என்று அர்த்தம். பத்திர எழுத்தராகச் சேர்ந்த வருஷமே உருது படித்த பாய் ஒருவர் எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் என்னைப் பேக்குமேடு என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள், அர்த்தம் தெரிந்தபோது இன்னும் கூசிப்போனேன். அன்று முதல் யார் கேட்டாலும் ஆரணி என்றேன். என் அப்பாவின் கருமாதிப் பத்திரிகையில்கூட ஊர் ஆரணி என்றே அச்சடித்தேன். ஊரார் அதை வாங்கிப் படித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் வந்து நின்றார்கள்.

போன வாரம் நம் ஊரில் கிராம சபை. காலேஜ் படிக்கிற பிள்ளைகள் ஊர்ப்பெயரை மாற்ற வேண்டும் என்றார்கள், மனு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். வேங்கைமேடு என்ற பழைய பெயரே சிதைந்து இப்படி ஆனது என்று அழகாக எழுதி, நானே எழுந்து வாசித்தேன். நூறு பேர் இருந்திருப்பார்கள். என் பெரியப்பா மகள் செல்லியம்மாள், உனக்கு அத்தை, பின்னாலிருந்து எழுந்தாள். "ஏன்டா சின்னதொர, நம்ம ஊர்ல வேங்க மரத்த நீ எங்கடா பாத்த?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நவாப்பு குதிரைக்குப் புல்லு அறுத்து ஆற்காடு வரிக்கும் சொமந்துகினு போனாங்க நம்ம ஆளுங்க, ஒரு படி கம்பு குடுக்கலன்னு எங்கப்பா சொல்லிகினே இருப்பாரு. வேல வாங்கனவனே வெக்கப்படல, செஞ்சவன் வூட்டுப் புள்ள நீ ஏன்டா வெக்கப்படற?"

சிவசங்கரி என்ற நர்சிங் படிக்கிற பெண் எழுந்து, "அதெல்லாம் சரிங்க ஆயா, தெனம் பஸ்ல கேலி பண்றது எங்களத்தானே?" என்றாள். பெயரை மாற்றுவதும் விடுவதும் நீங்கள் பேசி முடிவெடுங்கள், ஆனால் மனுவில் உள்ள காரணம் நான் கட்டிவிட்டது, உண்மை இல்லை என்று மட்டும் சொல்லி அந்த வரிகளை அடித்துக் கொடுத்தேன். தலை நிமிரவில்லை. முடிவு அடுத்த சபைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், அரிசி களைந்துகொண்டே, கல்யாணம் ஆன புதிதிலேயே ஊர்ப்பெயரின் அர்த்தத்தை மாமனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்கிறாள். முப்பத்தைந்து வருஷம் என் பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிறு அகல்யாவைப் போனில் உட்கார வை. அவளிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. தாத்தா ஏன் பொய் சொன்னார் என்று கேட்பாள். எனக்காக நீ பதில் சொல்லாதே அம்மா, நான் திணறினாலும் திணறட்டும் என்று விட்டுவிடு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இரும்பு மாத்திரையை மறக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
சின்னதுரை