அப்பாவின் காதுச் சோதினை

நவம்பர் 4, திங்கள்

இன்று அப்பாவிடம் சொல்லாமல் விட்டது: அப்வாஷ்.

காலையிலிருந்து மூடுபனி. மதியம் நூலகத்தில் வேலையாக இருந்தபோது அப்பா சமைக்கும் உணவகத்தின் செஃப் அழைத்தார். அப்பாவின் வேலையிடத்தில் கொடுத்திருப்பது என் எண்தான். டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இந்த வீட்டின் வாய் நான். செஃபின் குரலில் கோபமில்லை. சனிக்கிழமை ஒருவன் கொதிக்கும் சட்டியோடு அப்பாவுக்குப் பின்னால் வந்து "சூடு, சூடு" என்று கத்தியிருக்கிறான். அப்பாவுக்குக் கேட்கவில்லை, திரும்பிவிட்டார். கையில் கொப்புளம். (அம்மாவிடம் அப்பா சொன்னது: ஓவன் கதவு பட்டது.) மாத முடிவுக்குள் காதுக்கு ஏதாவது வழி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பிலிருந்து எடுத்து அப்வாஷில் நிறுத்துவார்கள்.

அப்வாஷ் என்றால் பாத்திரம் கழுவும் இடம். எங்கள் வீட்டில் யாரும் மொழிபெயர்க்காத சொல். அகதியாக வந்த அப்பா இந்த நாட்டில் முதலில் நின்ற இடம் அது. அங்கிருந்து வெங்காயம் வெட்டும் மேசை, பிறகு சலாட், பிறகு சோஸ், பிறகு அடுப்பு. ஒவ்வொன்றுக்கும் வருடங்கள்.

"உங்கட காதை ஒருக்காப் பாக்கட்டாம் எண்டு செஃப் சொன்னவர்," என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"என்ன?"

திரும்பச் சொன்னேன்.

"என்ர காதுக்கு என்ன? நீங்கள்தான் வாய்க்குள்ள கதைக்கிறியள்."

அம்மா: "ஓமோம், சுவிஸ் முழுக்க வாய்க்குள்ளதான் கதைக்குது."

நவம்பர் 6, புதன்

பால், துவைக்கும் தூள், நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்க.

மாலை பாலன் மாமா, அப்பாவின் கூட்டாளி, ஒரு சிறிய பெட்டியோடு வந்தார். இணையத்தில் வாங்கிய காதுக்கருவி. அவரும் அதையேதான் போடுகிறார்.

"டொக்டரும் வேண்டாம், டெர்மின் எண்டு நாள் எடுத்துக் காவல் இருக்கவும் வேண்டாம். ரெண்டு காதிலயும் செருகு, ஃபோனில தட்டு, அலுவல் முடிஞ்சுது மச்சான்."

அப்பா போட்டார். குழாய்த் தண்ணீர். குளிர்பெட்டி. அம்மாவின் காப்பு. சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் திரும்பினார். "இவள் சோறு போடேக்க இவ்வளவு சத்தமே?"

எனக்கும் சந்தோஷம்தான். வாசிப்புக் கண்ணாடியை மருந்துக்கடைத் தட்டிலிருந்து எடுத்து, போட்டுப் பார்த்து வாங்குகிறோம். யாரும் அதைக் குற்றம் சொல்வதில்லை. காதுக்கு மட்டும் ஏன் ஒரு நிபுணர், ஒரு அறை, ஒரு வெள்ளைக் கோட்டு? உடம்பின் சில பகுதிகளை நம்மிடமே விட்டிருக்கிறார்கள், சிலவற்றை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு ஃபோன் வந்தது. அப்பா கருவியைக் கழற்றினார். வலக்கையில் எடுத்த ஃபோனை இடக்கைக்கு மாற்றி, இடது காதில் வைத்தார். எப்போதும் இடது. இத்தனை வருடம் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறேன். பெட்டிக்குள் மடித்திருந்த தாளை விரித்தேன். ஒரு காது மற்றதைவிட மிக மோசமென்றால், காதிலிருந்து நீர் வடிந்தால், முதலில் வைத்தியரிடம் போகவும்.

யாரும் அந்தத் தாளை வாசிப்பதில்லை.

நவம்பர் 9, சனி

அப்பா கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையால் வந்தார். சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறி, கரண்டி, தட்டு, மனிதர் எல்லாம் ஒரே அளவில் கத்துகின்றனவாம். "மண்டைக்குள்ள திருவிழா." அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

காதுக்கருவி நிபுணரிடம் போவோம் என்றேன்.

"எனக்கு இன்னொரு சோதினை வேண்டாம்."

குடியுரிமைக்கான டொச் சோதனையைச் சொல்கிறார். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தேறாமல் போனது. மூன்றாவது தடவை என்ற பேச்சே வீட்டில் எழுந்ததில்லை.

"அது காதுச் சோதினை அப்பா. பாஷைச் சோதினை இல்லை."

"இஞ்ச எல்லாச் சோதினையும் பாஷைச் சோதினைதான்."

சிரித்தேன். நான் சிரித்தது அவருக்குக் கேட்டது.

நவம்பர் 14, வியாழன்

அப்பா சொன்னது சரி.

கண்ணாடி போட்ட சிறிய அறைக்குள் அப்பா, வெளியே மேசையில் நிபுணர், என் வயதுப் பெண். முதலில் கீச்சொலிகள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அப்பா உற்சாகமாக அழுத்தினார். பிறகு சொற்கள். ஓர் ஆண்குரல் ஒவ்வொரு டொச் சொல்லாகச் சொல்லும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நானே வருடத்தில் ஒரு தடவை சொல்லாத சொற்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். வரி அலுவலகத்தில், வதிவிட அனுமதி புதுப்பிக்கும் இடத்தில், என் ஆசிரியர்கள் முன்னால் பார்த்த அதே பார்வை.

என் உதடுகள் தாமாக அசைந்தன. அப்பா பார்த்துச் சொன்னார். அடுத்ததும். அதற்கடுத்ததும். புள்ளிகள் ஏறின.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் உதவுகிறீர்கள்." குத்தலாகச் சொல்லவில்லை. "இது உங்களுடைய காதுக்கான முடிவு. இதை வைத்து அவருக்கு நான் எதைக் கொடுப்பது?" எல்லாவற்றையும் அழித்தார்.

உதவி என்று நான் செய்துவந்ததில் எவ்வளவு இப்படி இருந்திருக்கும்? ட்ராமில் வரும்வரை அதே யோசனை.

பிறகு அந்தப் பெண் என்னைத் தமிழில் சொற்கள் சொல்லச் சொன்னார். ஒழுங்கான அளவீடு அல்லவாம், ஆனாலும் ஏதாவது தெரியும். ஒரு காதில் இரைச்சலை விட்டு, மற்றக் காதைச் சோதிப்பது. நான் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னேன். உப்பு. கதவு. சட்டி. மழை. இடது: எல்லாம் சரி. வலது: நான் சொல்லி முடித்துவிட்டேன், அவர் நான் தொடங்குவதற்காகக் காத்திருந்தார்.

அந்தப் பெண் விளக்கோடு வலது காதுக்குள் பார்த்தார். விளக்கை அணைத்து வைத்தார். "இன்று நான் எதையும் விற்கப் போவதில்லை." காது வைத்தியருக்கு அவரே ஃபோன் எடுத்தார்.

ட்ராமில்:

"பாஸோ?"

"இடது பாஸ். வலது ஃபெயில்."

"அப்ப அரைவாசி சிற்றிசன்." சிரித்தார். நான் அப்வாஷ் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும். செஃப் எனக்குத்தான் முதல் சொன்னவன்."

"பின்ன ஏன் சொல்லேல்லை?"

"நீ ஏன் சொல்லேல்லை?"

நவம்பர் 20, புதன்

குளிர். கையுறை ஒன்றைத் தொலைத்தேன்.

வைத்தியர்: வலது செவிப்பறையில் ஓட்டை. அதற்குப் பின்னால் தோல் வளர்ந்து எலும்பை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருக்கிறது. ஒப்பரேஷன் செய்தே ஆக வேண்டும். ஜனவரியில் இடம். அதுவரை அந்தக் காதுக்குள் எதையும் வைக்கக் கூடாது. இடது காது வயதாலும் சமையலறை இரைச்சலாலும் கொஞ்சம் குறைந்தது, அதற்குப் பிறகு பொருத்தமான கருவி.

எவ்வளவு காலமாக நீர் வடிகிறது?

"கனகாலம்."

அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "தலாணி உறை நான்தானே தோய்க்கிறன்."

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு தெரிந்திருக்கிறது.

பாலன் மாமாவுக்கு மனம் சரியில்லை. "நான் நல்லதெண்டுதானே…" நல்லதுதான். அவருடைய காதுக்கு அது போதும்.

ஒருவகையில் பார்த்தால், இரண்டு காதிலும் அதைச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தால், மாத முடிவைத் தாண்டியிருக்கலாம். செஃபுக்கு வேண்டியது காதில் ஏதோ ஒன்று. நாங்கள் சரியானதைச் செய்தோம். அதனாலேயே இப்போது காட்ட எதுவுமில்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஜனவரிவரை பொறுக்க முடியுமா என்று செஃபிடம் கேட்கலாம். டொச்சில் நல்ல வாக்கியங்களாக எழுதி வைத்திருந்தேன்.

"விடு. நானே கதைக்கிறன்."

ஃபோனை இடது காதில் வைத்து, வினைச்சொல் இல்லாத அவருடைய டொச்சில் பேசினார். தமிழில் எழுதினால் இப்படி வரும்: "செஃப். ஒப்பரேஷன் ஜனவரி. அடுப்பு இப்போ ஆபத்து. மற்ற ஆட்களுக்கும். இப்போ அப்வாஷ். பிறகு அடுப்பு?"

நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தார்.

"என்னவாம்?"

"பிறகு பாப்பமாம்."

அம்மா சோற்றைப் போட்டாள். அப்பா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

நவம்பர் 25, திங்கள்

மழை. அப்பா காலை ட்ராமில் அப்வாஷுக்குப் போனார்.